லாங்கபான்வெக் புதைபடிவப் பூங்கா: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: அங்கே டைனோசர் கிடையாது. புதைபடிவம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் மனத்தில் டைனோசர்தான் வந்து நிற்கும். கேப்டவுனிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் உட்காரவைத்து அழைத்துப்போய், இறங்கியதும் "எங்கே அது?" என்று அவர்கள் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. லாங்கபான்வெக் எலும்புகளுக்கு வயது சுமார் 50 லட்சம்தான். டைனோசர் பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக் கோல்டன் கேட் பக்கம் போகட்டும். 1976இல் மாஸோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் முட்டைகள் கிடைத்தது அங்கேதான்.

இங்கே இருப்பவை, என் கணக்கில், டைனோசரைவிடச் சுவாரசியமானவை. கழுத்து குட்டையான ஒட்டகச்சிவிங்கி, மூன்று விரல் குதிரை, வாள்பல் பூனை, யானையின் பழைய உறவினர்கள், பெங்குவின், கடல்நாய், போதாததற்கு ஒரு கரடி. இன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் காட்டுக் கரடியே இல்லை. சகாராவுக்குத் தெற்கே கரடி வாழ்ந்தது என்பதை முதன்முதலில் காட்டியது இந்த இடம். பாதி தெரிந்த, பாதி தெரியாத விலங்குகள். அதனால்தான் ஒரு மணி நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை.

வேலைக்காகக் கேப்டவுன் வந்து இன்னும் ஊர் பிடிபடாத தமிழ்க் குடும்பங்களையும், டிசம்பர் விடுமுறைக்கு டர்பனிலிருந்து கேப்டவுனின் ரைலண்ட்ஸ் பகுதி உறவினர் வீடுகளுக்கு வருகிறவர்களையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். டேபிள் மலை, நீர்முனைக் கடைவீதி, திராட்சைத் தோட்டம் எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இது சரியான இடம்.

அது என்ன இடம்?

பாஸ்பேட் சுரங்கக் குழி. வயலுக்குப் போடும் சூப்பர் பாஸ்பேட்டை அறியாத விவசாயக் குடும்பம் தமிழ்நாட்டில் இருக்காது. அந்த வகை உரத்துக்கு மூலப்பொருளான பாஸ்பேட்டைத்தான் இங்கே வெட்டி எடுத்தார்கள். மேலே பார்த்தால் வெறும் மணல்வெளி, புதர், காற்று. கீழே என்ன கிடக்கிறது என்று தரையைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இயந்திரங்கள் தோண்டியதால்தான் எலும்புகள் வெளிவந்தன. தோண்டியதில் எத்தனையோ எலும்புகள் அரைபட்டு உரமாகவும் போயிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்: சுரங்கம் இல்லையென்றால் இந்த எலும்புகள் நமக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை, சுரங்கம் நிற்காமலிருந்தால் மிஞ்சியிருக்கவும் போவதில்லை.

1950களின் பிற்பகுதியில் எலும்புகள் ஆய்வாளர்களின் கைக்கு வரத் தொடங்கின. 1960களின் இறுதியிலிருந்து கேப்டவுனின் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரெட் ஹெண்டி பல ஆண்டுகள் இங்கே சேகரித்தார். இயந்திரம் ஒரு பக்கம் வெட்ட, அவர் குழு இன்னொரு பக்கம் பொறுக்க, இப்படித்தான் வேலை நடந்தது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. எலும்பு செறிந்த பகுதி 1996இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதுவரை இங்கே அடையாளம் கண்ட விலங்கினங்கள் 200க்கும் மேல். மனித மூதாதையரின் எலும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை, அதையும் தேடாதீர்கள்.

எப்போது போவது

டர்பன்காரர்களுக்கு மழைக்காலம் இங்கே தலைகீழ். கேப் பகுதியில் ஜூன், ஜூலையில்தான் மழை. அந்த மாதங்களில் போனால் ஈரக் காற்று எலும்பைக் குடையும் (நம் எலும்பைத்தான் சொல்கிறேன்). டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் தென்கிழக்குக் காற்றும் போட்டி போடும். போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.

என் தேர்வு ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மேற்குக் கரை முழுவதும் காட்டுப்பூ பூத்துக் கிடக்கும். ஆனால் அந்த வார இறுதிகளில் கேப்டவுனே கிளம்பி அதே சாலையில் வருகிறது. சனி ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காதவர்கள் ஏழு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

புரட்டாசி அந்தச் சமயத்தில்தான் வரும். இந்த நாட்டுத் தமிழ் வீடுகளில் புரட்டாசி விரதம் எவ்வளவு கண்டிப்பு என்று புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். விருந்தாளியாக வருகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. வழியில் இருக்கும் பண்ணைக் கடைகளில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பண்டமும், பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சியும்தான் முன்னால் அடுக்கியிருக்கும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முன்பதிவு

எலும்புகள் கிடக்கும் இடத்துக்கு வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும். அதற்குக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. பருவத்தைப் பொறுத்து அவை மாறும். எனவே கிளம்புவதற்கு முந்தின நாளே பூங்காவின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ நேரத்தையும் கட்டணத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டும் என்பதையும், தாத்தா பாட்டி வருகிறார்கள், நடக்கச் சிரமப்படுவார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் வாசலில் தடுமாற வேண்டியதில்லை.

வழி

கேப்டவுனிலிருந்து ஆர் 27 சாலையில் வடக்கே போக வேண்டும். இடப்பக்கம் கடல் வந்து வந்து மறையும். மெல்க்போஸ்ட்ராண்ட் தாண்டி, ஈசர்ஃபொன்டெய்ன் திருப்பம் தாண்டி, லாங்கபான் ஊருக்குப் போகும் திருப்பத்தையும் விட்டுவிட்டு, ஆர் 45 சாலை குறுக்கே வரும் இடத்தில் வலப்பக்கம், ஹோப்ஃபீல்ட் திசையில் திரும்புங்கள். பூங்காவின் பெயர்ப்பலகை அந்தச் சாலையில் இருக்கிறது. தலைக்குமேல் சிறிய விமானங்கள் வட்டமடித்தால் பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே விமானப்படையின் பயிற்சித் தளம்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. லாங்கபான் என்பது கடலோரச் சிற்றூர். லாங்கபான்வெக் உள்நாட்டுப் பக்கம் இருக்கும் வேறு இடம். வழிகாட்டிச் செயலியில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் அது உங்களைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். வெஸ்ட் கோஸ்ட் ஃபாசில் பார்க் (West Coast Fossil Park) என்று பூங்காவின் முழுப் பெயரையும் போடுங்கள்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் போவது கடினம். மினிபஸ் டாக்ஸிகள் ஊர்களுக்குப் போகும். பூங்கா வாசலுக்குப் போகாது. பெட்ரோலை நகர எல்லைக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆர் 27இல் பெரும்பகுதி எதிரெதிர் வாகனங்கள் ஒரே தளத்தில் ஓடும் சாலை. பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், இடப்பக்க மஞ்சள் கோட்டுக்கு வெளியே சற்று ஒதுங்கி அவருக்கு வழிவிடுவது இந்த நாட்டு வழக்கம். முந்திப்போனவர் அபாய விளக்கை இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்வார், நீங்கள் முகப்பு விளக்கால் பதில் சொல்லலாம். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் யாரும் நடந்து போகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒதுங்குங்கள். வேகக் கண்காணிப்பும் கடுமையானது.

கையில் இருக்க வேண்டியவை

தொப்பி, தண்ணீர், மூடிய காலணி, காற்றுக்கு ஒரு மேலங்கி. இவை எல்லோரும் சொல்வது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: ஒரு பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன மடக்குக் கண்ணாடி போதும். தாத்தாவின் வாசிப்புக் கண்ணாடியும் ஆபத்துக்கு உதவும். ஏன் என்பது சல்லடைக்கு வரும்போது தெரியும்.

குழியில் எதைப் பார்ப்பது

காட்சிக்கூடத்தை வேகமாகப் பார்த்துவிட்டுக் குழிக்கு நேரம் ஒதுக்குங்கள். கூடத்தில் இருப்பதைப் போன்ற எலும்புகளை வேறு அருங்காட்சியகங்களிலும் பார்க்கலாம். குழியில் இருப்பதை எளிதில் வேறெங்கும் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே எலும்புகளைத் தூக்கவில்லை. மேல் மண்ணை மட்டும் தூரிகையால் விலக்கிவிட்டு, கிடந்த எலும்பைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. மணல் நிறத்திலேயே எலும்பும் இருக்கும். அவசரப்பட்டுப் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். ஓரிடத்தில் நின்று ஒரே சதுரத்தைப் பாருங்கள். முதலில் ஒரு நீள எலும்பின் விளிம்பு தெரியும். அதன் மூட்டு முனை எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அதன் மேல் குறுக்கே கிடக்கும் இன்னொன்று. அதற்கு அடியில் ஒரு தாடை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் முழுவதும் எலும்புதான் என்று புரியும்.

புரிந்ததும் வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த விலங்கு?" என்பதல்ல. "இது ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று கேளுங்கள். விலங்கின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கிடக்கும் விதம் இங்கே மட்டும்தான். ஒரு முழு எலும்புக்கூடு தலையிலிருந்து வால்வரை வரிசையாகக் கிடந்தால், அது செத்த இடத்திலேயே மூடப்பட்டது என்று பொருள். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. கால் ஒரு பக்கம், விலா ஒரு பக்கம், பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடக்கின்றன. தண்ணீர் இழுத்துவந்து சேர்த்திருக்கிறது. பெர்க் ஆறு இன்று வடக்கே ஃபெல்ட்ரிஃப் ஊருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட உயரம். அன்றைய ஆற்றின் கழிமுகம் இந்தக் குழிப் பக்கம்தான் இருந்தது. ஒட்டகச்சிவிங்கியும் பெங்குவினும் சுறாப் பல்லும் ஒரே இடத்தில் கிடைப்பது அதனால்தான். ஆறு நிலத்திலிருந்து கொண்டுவந்தது, கடல் தன் பங்கைப் போட்டது. பாஸ்பேட் சேர்ந்ததும் அந்தக் கடலோரப் படிவுகளில்தான்.

அதிகம் கிடப்பது குட்டைக் கழுத்து ஒட்டகச்சிவிங்கி. சிவதேரியம் என்று பெயர். இந்த இனத்தை 1836இல் முதலில் விவரித்தது இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு; பெயரில் சிவன் வந்தது அப்படித்தான். கேப் பகுதியில் கிடைத்த வகைக்கு ஹெண்டியின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். இன்றைய ஒட்டகச்சிவிங்கியைப் போல உயரம் இல்லை, ஆனால் உடம்பு கனம். தலையில் கொம்பு போன்ற எலும்புப் புடைப்புகள்.

தாடை ஒன்று கண்ணில் பட்டால் பல்லை உற்றுப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தின் பற்களில் மேற்பூச்சு வழவழப்பாக இராது. சுருக்கம் சுருக்கமாக, சொரசொரப்பாக இருக்கும். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் பிறைவடிவ வரம்புகள் இருக்கும். உயரம் குறைவு. இலை தழை மெல்லும் பல் அது. குதிரைப் பல் வேறு: உயரமான தூண், ஏனென்றால் புல்லோடு மண்ணும் அரைபட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும். இலை தின்னும் விலங்கு இவ்வளவு இருந்தது என்றால், மரமும் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்து இன்றைய புதர்வெளியைப் பாருங்கள். நிழலுக்கு ஒதுங்க மரம் கிடைக்காது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் இந்தப் பகுதி வறண்டுவிட்டது. இவ்வளவையும் ஒரு பல்லிலிருந்து தொடங்கிச் சொல்ல முடிகிறது என்பதை உங்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைக்குக் காட்டிவிட்டால் வந்த வேலை முடிந்தது.

உடைந்த முனை தெரிகிறதா என்றும் தேடுங்கள். கல்லா எலும்பா என்ற சந்தேகத்தை உடைந்த முனை தீர்த்துவிடும்: எலும்பென்றால் உட்புறம் ரஸ்க் துண்டைப் போல நுண்துளைகள் நிறைந்திருக்கும். நாக்கில் வைத்து ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை யாராவது சொல்லித்தந்திருந்தால், தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் குனியாதீர்கள். சட்டைப்பையில் இருக்கும் செல்போன் எலும்பின் மேல் விழுந்தால் இரண்டில் எது உடையும் என்பது நிச்சயமில்லை.

சல்லடை

பிள்ளைகளுக்கு இதுதான் திருவிழா. குழியிலிருந்து எடுத்த மண்ணைச் சல்லடையில் இட்டுத் தண்ணீர் ஊற்றிச் சலித்தால் பொடி எலும்புகள் தங்கும். எலிப் பல், தவளைக் கால், ஆமை ஓட்டுச் சில்லு. அரிசி பொறுக்கப் பழகிய கண்ணுக்கு இது எளிது. கூட்டத்தில் முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருப்பார். பூதக்கண்ணாடி இங்கேதான் வேலைக்கு வருகிறது.

இந்தப் பொடிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆய்வாளர்களுக்கு இவை பெரிய எலும்புக்குச் சமம், சில சமயம் அதற்கும் மேல். பெரிய விலங்கு நெடுந்தூரம் நடந்து வந்திருக்கலாம். தவளை வராது. தவளை எலும்பு கிடைத்தால் பக்கத்திலேயே நன்னீர் இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

சலித்து எடுத்ததை வழிகாட்டியிடம் காட்டுங்கள், அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒன்றையும் எடுத்து வராதீர்கள்

"இவ்வளவு கிடக்கிறதே, ஒரு துண்டு எடுத்தால் என்ன?" இதை எல்லோரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் பெரியவர்கள். 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், 35ஆம் பிரிவு, இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: இந்த நாட்டில் புதைபடிவங்கள் அரசின் சொத்து. உரிமம் இல்லாமல் அவற்றைத் தோண்டவோ, எடுக்கவோ, சேதப்படுத்தவோ, விற்கவோ, நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவோ கூடாது. இந்தப் பூங்காவுக்கு மட்டுமல்ல, கடற்கரையில் காலில் இடறும் எலும்புக்கும், உங்கள் வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது வருவதற்கும் இதே சட்டம்தான். மீறினால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு துண்டு அகப்பட்டால் விமான நிலையத்தில் பதில் சொல்வது யார்?

சட்டத்தை விடுங்கள். கிடந்த இடத்திலிருந்து பெயர்த்த எலும்பு பாதி ஊமை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்ற விவரம் போனால், மிச்சமிருப்பது அலமாரிப் பொருள் மட்டுமே.

அங்கிருந்து எங்கே

பூங்காவில் சிற்றுண்டிச் சாலை இருக்கிறது, மிதிவண்டிப் பாதைகளும் இருக்கின்றன. நேரம் மிச்சமிருந்தால் நான் திரும்பும் வழியில் மேற்குக் கரை தேசியப் பூங்காவுக்குள் நுழைவேன். லாங்கபான் கடற்கழியை ஒட்டியது அது. தென்னாப்பிரிக்காவில் வசிப்பவர்களுக்கு அங்கே கட்டணம் குறைவு, ஆனால் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பூக்களுக்குப் பெயர்போன போஸ்ட்பெர்க் பகுதி ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டுமே திறந்திருக்கும்.

அந்தக் கடற்கழியின் கிராள்பாய் கரையில் 1995இல் டேவிட் ராபர்ட்ஸ் என்ற நிலவியலாளர் பாறையில் பதிந்த மனிதக் காலடித் தடங்களைக் கண்டார். வயது சுமார் 1,17,000 ஆண்டுகள். கரையில் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். அசல் கேப்டவுனில், கம்பெனித் தோட்டத்தை ஒட்டிய இசிகோ தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. லாங்கபான்வெக் எலும்புச் சேகரிப்பும் அதே அருங்காட்சியகத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. குழியைப் பார்த்தபின் ஒரு நாள் அங்கே போங்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு குழி என்று போகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ மறுவரிசைதான் சரியென்று படுகிறது.

வேறெங்காவது ஓர் எலும்பு கண்ணில் பட்டால்

குழியைப் பார்த்துவந்த கண், பிறகு சும்மா இருக்காது. சாலை வெட்டுகளிலும் கடலோரப் பாறைகளிலும் தேடத் தொடங்கும். ஏதாவது தென்பட்டால் செய்ய வேண்டியவை இவை. தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வைத்து, மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அளவு அதில் தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நின்று, சுற்றியுள்ள பாறை அடுக்கும் தெரியும்படி இன்னொரு படம். செல்போனில் இருப்பிடத்தைச் சேமியுங்கள். மேற்குக் கேப் மாகாணம் என்றால் அதன் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான ஹெரிடேஜ் வெஸ்டர்ன் கேப் அலுவலகத்துக்கும், டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் என்றால் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் அதே வகை அமைப்பான அமாஃபாவுக்கும் உடனே தெரிவியுங்கள். கண்டவர் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே 35ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்பக் குழுவில் இருப்பிடத்தோடு படத்தைப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வாரம் அங்கே சுத்தியலோடு யாராவது நிற்பார்கள். கடற்கரை என்றால், அலை ஏறும்போது தண்ணீர் அந்த இடத்தைத் தொடுகிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு சீக்கிரம் ஆள் வர வேண்டும் என்பது அதைப் பொறுத்துத்தான்.